அட்மிஷன் மேசைக்கு ஆளைத் தயார்செய்வது: தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

பெரும்பாலான பள்ளிகளில் அட்மிஷன் வேலைக்குப் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. பிப்ரவரி கடைசியில் ஒருவரை வேலைக்கு எடுப்பார்கள். பழைய கிளார்க் பக்கத்தில் இரண்டு நாள் உட்காரவைப்பார்கள். மூன்றாம் நாள் கவுன்ட்டர் அவர் கைக்கு வந்துவிடும். அந்த இரண்டு நாளில் அவர் காதில் அதிகம் விழும் வாக்கியம், "இது இல்லாம சேக்க முடியாதுங்க." எட்டாம் வகுப்பு வரையிலான சேர்க்கையில் அந்த வாக்கியம் பல நேரம் சட்டத்துக்கே எதிரானது. சொல்பவருக்கு அது தெரியாது, சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரிந்திருக்காது.

அப்படி ஒருவரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு முதல்முறையாகத் தலையில் விழுந்த தலைமையாசிரியர், அலுவலகக் கண்காணிப்பாளர், மூத்த எழுத்தர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டின் தனியார், உதவிபெறும் பள்ளிகளை மனதில் வைத்தது. சீசன் சூடுபிடிக்கும் முன் இரண்டு வாரம் ஒதுக்க முடிந்தால் நல்லது. ஒரு வாரம்தான் என்றால் முதல் இரண்டு படிகளையும் நான்காவதையும் விடாதீர்கள்.

முதல் படி: பதிவேட்டைத் திறந்து காட்டுங்கள்

சட்டத்தில் தொடங்கத் தோன்றும். வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் தொடங்குங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்தைய பதிவேடு ஒன்றை எடுத்து, ஒரு வரியைக் காட்டி, ஒவ்வொரு கட்டமும் பிறகு எங்கே போய் நிற்கிறது என்று சொல்லுங்கள். புதியவருக்கு இந்த வேலையின் எடை அப்போதுதான் புரியும்.

பிறந்த தேதிக் கட்டம் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் போகிறது. அங்கிருந்து பாஸ்போர்ட், வேலை, ஓய்வூதியம் என்று எல்லாவற்றுக்கும் அதுதான். பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போன பிறகு அதைத் திருத்துவது பெரிய அலைச்சல்.

பயிற்றுமொழிக் கட்டத்தைப் பலர் அலட்சியமாக நிரப்புவார்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலை நேரடி நியமனத்தில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2010-ல் வந்த சட்டம் அது. 2020-ல் திருத்தப்பட்ட பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் கேட்டு இருபத்தைந்து வயதில் ஒருவர் பள்ளிக்கு வரும்போது, தலைமையாசிரியர் பார்ப்பது இந்தக் கட்டத்தைத்தான். அது காலியாக இருந்தால் அவர் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடும் இப்படித்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். தனியார் பள்ளியில் ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) ஒதுக்கீட்டு இடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்து, பிறகு அரசுப் பள்ளிக்குப் போனவர்களுக்கும் அது பொருந்தும். ஆகவே, பிள்ளை ஆர்டிஇ ஒதுக்கீட்டில் வந்தது என்ற குறிப்பு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். அரசுப் பள்ளியிலிருந்து ஏழாம் வகுப்புக்கு உங்கள் பள்ளிக்கு மாற வரும் பெற்றோரிடம், மாறினால் இந்தச் சலுகை போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நேர்மை. ஒரு சேர்க்கை குறையலாம், குறையட்டும்.

அடுத்து பெயர். சிக்கல் அதிகம் வருவது இதில்தான். பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து ஒன்று மட்டும் இருக்கும், ஆதாரில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்து பின்னால் ஒட்டியிருக்கும், மழலையர் பள்ளிச் சான்றில் மூன்றாவது விதமாக இருக்கும். செந்தில் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா இல்லையா என்று வீட்டிலேயே இரண்டு கட்சி இருக்கும். புதியவருக்கு இந்த ஒழுங்கைப் பழக்குங்கள்: பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து தமிழிலும் ஆங்கிலத்திலும் பென்சிலால் ஒரு தாளில் எழுதி, பெற்றோரிடம் காட்டி, வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே பதிவேட்டில் மையால் ஏறட்டும். தமிழில் எழுதும் பெயருக்குத் தலைப்பெழுத்தும் தமிழில்தான் என்று 2021-ல் அரசாணையே வந்தது. அம்மாவின் பெயரைத் தலைப்பெழுத்தாகப் போடக் கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லாமல் கொண்டுவருபவர்கள் உண்டு. பிறப்பு பதிவானதிலிருந்து ஓராண்டு வரை கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். பதிவு செய்த உள்ளாட்சி அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பத் தெரிந்திருந்தால் போதும்.

பதிவேட்டில் ஒயிட்னர் கூடாது, மேலெழுதுதல் கூடாது. ஒரே கோடாக அடித்து, மேலே திருத்தி எழுதி, தலைமையாசிரியர் சுருக்கொப்பம் தேதியோடு இருக்க வேண்டும். முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: எதைக் கேட்கலாம், எதற்காக மறுக்கக் கூடாது

சட்டத்தைப் பிரிவு பிரிவாக ஒப்பிக்க வைத்தால் யாருக்கும் மனதில் நிற்காது. மேசைக்கு வரும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது இல்லை என்றால் என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அடிப்படை, கல்வி உரிமைச் சட்டம், 2009. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை இதன் எல்லை. ஒன்பதாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இது பேசாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையென்றால் புதியவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்.

பிறப்புச் சான்றிதழ் கேட்கலாம். இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. பிரிவு 14 சொல்வது அது. மருத்துவமனைப் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையென்றால் பெற்றோரின் உறுதிமொழி என்று மாற்று வழிகள் உண்டு. இங்கே கவனிக்க வேண்டிய புது விஷயம் ஒன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அன்றைக்கும் அதற்குப் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். ஜூலை 31-ல் மூன்று வயது முடிந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால், இந்தக் குழந்தைகள் எல்கேஜிக்கு வருவது 2027-ல். ப்ரீகேஜி நடத்தும் பள்ளிகளுக்கு இன்னும் முன்பே. அந்தக் குழந்தைகளின் பெற்றோரைச் சான்றிதழ் வாங்கச் சொல்லி இப்போதே அனுப்பப் பழகிக்கொள்ளுங்கள். ஆனாலும், ஆறு வயதாகி வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப இது காரணமாகாது; பிரிவு 14 அப்போதும் பொருந்தும்.

டிசி. அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ மாறி வரும் பிள்ளையின் டிசி தாமதமாவதைக் காட்டி, சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று பிரிவு 5 சொல்கிறது. டிசி தர வேண்டிய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே தர வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். நீங்கள் டிசி கொடுக்கும் பக்கத்தில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம். கட்டணப் பாக்கியை வசூலிக்க டிசி ஒரு கருவி அல்ல, பாக்கி பற்றிய குறிப்பை அதில் எழுதக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாக்கியை வசூலிக்க வேறு சட்ட வழிகள் இருக்கின்றன. புதிய கிளார்க்கிடம் "பாக்கி முடியாம டிசி குடுக்காதே" என்று வாய்மொழியாகச் சொல்லும் நிர்வாகம், நாளை நோட்டீஸ் வந்தால் அந்தக் கிளார்க்கைத்தான் முன்னே தள்ளும். அப்படி ஒரு உத்தரவு வந்தால் எழுத்தில் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

ஆதார். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்றது. மாநில அரசின் மாணவர் பதிவுத் தளமான எமிஸின் திரையில் அந்தக் கட்டம் இருக்கிறது என்பதால் புதியவர் அதைக் கட்டாயம் என்றே நினைப்பார். ஒன்றிய அரசு மாணவருக்குத் தரும் அபார் எண்ணுக்கும் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

சாதிச் சான்றிதழ். சலுகை கேட்பவர்களுக்குத் தேவை. சாதி, மதம் குறிப்பிட விரும்பாத பெற்றோர், அந்தக் கட்டத்தைக் காலியாக விடவோ "சாதி இல்லை, மதம் இல்லை" என்று எழுதவோ 1973-லேயே தமிழ்நாட்டு அரசாணை வழி செய்திருக்கிறது. "அப்படியெல்லாம் ஆப்ஷன் இல்லைங்க" என்று கவுன்ட்டரில் சொல்லக் கூடாது.

இனி, தாள் சம்பந்தப்படாத மறுப்புகள். பிரிவு 13 நன்கொடையையும் வடிகட்டலையும் தடை செய்கிறது. பிள்ளையை மட்டுமல்ல, பெற்றோரையும் நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "சும்மா இன்டராக்‌ஷன்தான்" என்று பெயர் மாற்றினாலும், அதைப் பார்த்து யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுத்தால் அது வடிகட்டல்தான். முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறைக்கு 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கிய தொகையின் பத்து மடங்கு வரை. தமிழ்நாட்டில் இதற்கு 1992-லேயே தனிச் சட்டமும் இருக்கிறது. கட்டணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் 2009 பள்ளிக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டப்படி ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயித்ததற்கு மேல் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. அந்த உத்தரவின் நகல் மேசை இழுப்பறையில் இருக்கட்டும். பெற்றோர் கேட்டால் எடுத்துக் காட்டத் தெரிய வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை, "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லைங்க, வேற நல்ல ஸ்கூலா பாருங்க" என்று அனுப்புவது பரிவுபோலத் தோன்றும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற பள்ளி பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும். புதியவர் தன் விருப்பத்துக்கு இப்படிப் பதில் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வருபவர்கள், "தமிழுக்குப் பதிலா ஹிந்தி எடுத்துக்கலாமா?" என்று கேட்பார்கள். 2006-ன் தமிழ் கற்கும் சட்டத்தில் தமிழ் கட்டாயப் பாடம். மொழிச் சிறுபான்மையினர் விலக்கு என்பது தனிக் கதை. மேசையில் இருப்பவர் எந்த வாக்குறுதியும் தராமல் தலைமையாசிரியரிடம் அனுப்ப வேண்டும்.

உங்கள் பள்ளி சிறுபான்மை நிறுவனமாக இருந்தால் ஒரு விஷயம் மாறும். 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் பிரமதி தீர்ப்பு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதைக் கேள்வி கேட்டுப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பியிருக்கிறது. அந்தப் பள்ளிகள் சட்ட ஆலோசகரோடு பேசி, தங்களுக்கு எது பொருந்தும் என்று ஒரு பக்கத் தாள் தயாரித்துக் கொடுப்பது நல்லது.

மூன்றாம் படி: சொற்களும் எண்களும்

அகராதிபோல ஒரு பட்டியல் அடித்துக் கொடுத்தால் அது மேசைக் கண்ணாடிக்குக் கீழே போய்த் தூங்கும். குழம்பக்கூடிய ஜோடிகளை மட்டும் எடுத்துப் பழக்குங்கள்.

தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் ஆர்டிஇ 25 சதவீத இடங்களில் இரண்டு பிரிவு உண்டு. நலிவடைந்த பிரிவினர் என்றால் ஆண்டு வருமானம் இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறைவானவர்கள். இவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்க வேண்டும். வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர் என்றால் பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி முதலியோரும், ஆதரவற்ற குழந்தைகள், எச்ஐவி பாதிப்புள்ள குழந்தைகள், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள், மூன்றாம் பாலினத்தவர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரும். இவர்களிடம் வருமானச் சான்றிதழ் கேட்டு அலையவிடுவதுதான் மேசைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. விண்ணப்பம் இணையத்தில்தான். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். ஏப்ரல், மே மாதங்களில் நடப்பது வழக்கம் என்றாலும், 2025-26-க்கு ஒன்றிய அரசின் நிதி வராத இழுபறியில் அக்டோபரில்தான் தொடங்கியது. பெற்றோரிடம் தேதி சொல்வதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

எண்கள் நான்கு: எமிஸ் எண் மாநிலத்துடையது, பென் எண் ஒன்றிய அரசின் யுடைஸ் என்ற பள்ளித் தரவுப் பதிவுக்குரியது, அபார் எண் கல்விக் கணக்குக்கு, ஆதார் ஆளுக்கு. பள்ளியின் சேர்க்கை எண் இவற்றோடு சேராத தனி எண். ஐந்தையும் ஒரு மாதிரிப் படிவத்தில் மாற்றி மாற்றி எழுதி வைத்துச் சரிசெய்யச் சொன்னால் அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும்.

வயதுக் கணக்கிலும் குழப்பம் வரும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூலை 31-ல் ஐந்து வயது முடிந்திருந்தால் போதும். கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-ல் ஆறு. பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டு வந்து வாதாடும் பெற்றோரிடம் இந்த வித்தியாசத்தைப் பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும்.

நான்காம் படி: பேசிப் பழகுவது

இதை நடித்துத்தான் கற்க முடியும். நீங்கள் பெற்றோராக உட்காருங்கள். உதவிபெறும் பள்ளி, ஆகஸ்ட் மாதம், ஆறாம் வகுப்புக்குப் பையனோடு ஒரு அம்மா வருகிறார்.

"டிசி கேட்டேம்மா. பாக்கியக் கட்டுனாத்தான் தருவோம்ங்கிறாங்க."

பழக்கத்தில் வரும் பதில்: "அப்ப அதை முடிச்சிட்டு வாங்கக்கா." அந்த அம்மா திரும்பி வரமாட்டார். பையன் வீட்டில் இருப்பான், அல்லது ஏதாவது பட்டறையில்.

பழக்க வேண்டிய பதில்: "பரவாயில்லக்கா, உக்காருங்க. தம்பி அங்க என்ன படிச்சான்? எமிஸ் நம்பர் தெரியுமா? பழைய ரேங்க் கார்டோ ஃபீஸ் ரசீதோ இருந்தா குடுங்க. டிசி கேட்டு ஒரு லெட்டர் எழுதித் தாங்க, நாங்களும் அந்த ஸ்கூலுக்கு எழுதுறோம். தம்பி இப்ப வகுப்புக்குப் போகட்டும்."

இரண்டு பதிலையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேறு ஆட்களாக மாறி வாருங்கள்: அப்பா பெயர்க் கட்டத்தைக் காலியாக விடும் அம்மா, பேரனைச் சேர்க்க வரும் பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், "எம்எல்ஏ சொல்லி அனுப்பினார்" என்று வரும் சித்தப்பா, ஹிந்தி மட்டும் பேசும் கட்டடத் தொழிலாளி. காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்து "அப்பா எங்கே?" என்று வரிசைக்குக் கேட்கும்படி கேட்காமல் இருப்பது ஒரு திறமை, அதுவும் பழக்கத்தில்தான் வரும்.

மேசைக்கு இரண்டு விதி வையுங்கள். ஒன்று, "இல்லை" என்று சொல்லும் அதிகாரம் கவுன்ட்டருக்குக் கிடையாது. மறுப்பு என்றால் தலைமையாசிரியர், காரணத்தோடு எழுத்தில். இரண்டு, "சீட் கன்ஃபார்ம்" என்ற சொல்லும் கவுன்ட்டரில் வரக் கூடாது. விண்ணப்பம் வாங்கியதற்கு எண், தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு மட்டும்.

ரகசியம் பற்றி இங்கேயே பேசிவிடுங்கள். எச்ஐவி பாதிப்புக்கான சான்று ஆர்டிஇ கோப்பில் வரும். 2017 சட்டம் அந்தத் தகவலைக் காக்கச் சொல்கிறது. பள்ளிச் சேர்க்கைக்கு எச்ஐவி பரிசோதனை கேட்பதையும் தடை செய்கிறது. அந்தக் கோப்பு தலைமையாசிரியர் பீரோவில் இருக்க வேண்டும், தட்டச்சு மேசையில் அல்ல. ஆதார் நகல்களைச் சொந்தக் கைப்பேசியில் வாட்ஸ்அப்பில் வாங்கி அப்படியே விட்டுவைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கென்று ஒரு எண் வைத்து, பதிவேறியதும் அழிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: எமிஸ்

திரையில் எதை எங்கே அழுத்துவது என்பது ஆண்டுக்காண்டு மாறும். அதை அவரே கண்டுபிடித்துவிடுவார். சொல்லித்தர வேண்டியது ஓட்டத்தை. பழைய பள்ளி டிசி போட்டதும் பிள்ளையின் பதிவு காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) வரும், அங்கிருந்து நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். கிடைக்கவில்லை என்றதும் புதிய எண் உருவாக்கிவிடக் கூடாது. ஒரே பிள்ளைக்கு இரண்டு எமிஸ் எண் உருவானால் உதவித்தொகையிலிருந்து பொதுத்தேர்வு வரை இடிக்கும். முதலில் பழைய பள்ளிக்குப் பேசுவது, நகரவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். பெற்றோர் தாங்களே விசாரிக்க 14417 என்ற உதவி எண்ணையும் கொடுக்கலாம்.

எமிஸில் ஏறும் ஒவ்வொரு பெயரையும் இரண்டாவது ஆள் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். ஒருவர் படிக்க ஒருவர் பார்ப்பது பழைய முறைதான், இன்றும் அதைவிட நல்லது இல்லை.

ஆறாம் படி: தேர்வு

பத்து மாதிரிக் கோப்புகள் தயார்செய்யுங்கள். ஏழில் வேண்டுமென்றே பிழை வையுங்கள்: தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியது, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் கோப்பில் தேவையில்லாத வருமானச் சான்றிதழ் கேட்ட குறிப்பு, டிசியில் பயிற்றுமொழி இல்லாதது, இரண்டு தாளில் இரண்டு தலைப்பெழுத்து. மூன்று கோப்பு சுத்தமாக இருக்கட்டும். பிழையே இல்லாத கோப்பில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற ஆளை இன்னும் கவுன்ட்டரில் உட்காரவைக்காதீர்கள்; பிழையைத் தவறவிடுகிறவரைவிட அவரால்தான் பெற்றோருக்குத் தொல்லை அதிகம்.

அரசாணைகளும் சுற்றறிக்கைகளும் ஒரே கோப்பில், புதியது மேலே. ஒவ்வொரு மார்ச்சிலும் அதை வைத்து அரை நாள் உட்காருங்கள், பழைய ஆட்களும் சேர்ந்து.

முதல் சீசன் முடிந்ததும் ஜூலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சேர்ந்தவர்கள் பட்டியலைவிட, விசாரித்துவிட்டுச் சேராமல் போனவர்கள் பட்டியலைப் பாருங்கள். அதற்காகவே கவுன்ட்டரில் ஒரு நோட்டு வைத்து, யார் எந்த வகுப்புக்கு வந்தார், என்ன சொல்லி அனுப்பினோம் என்று ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும். "டிசி கொண்டுவரச் சொன்னோம்" என்று ஏதாவது ஒரு வரி இருந்தால், அன்றே அந்த எண்ணுக்கு ஃபோன் போடச் சொல்லுங்கள்.